சிறு காரின் பெட்ரோல் என்ஜின்: அளவுகளை முன்வைத்துக் கோளாறைக் கண்டறியும் முறை

சிறு காரின் பெட்ரோல் என்ஜினில் கோளாறு தோன்றியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது பாகங்களை மாற்றிப் பார்ப்பதுதான். என்ஜின் நடுங்கினால் தீப்பொறி தரும் பிளக், பிளக்கை மாற்றியும் நிற்காவிட்டால் அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், அதுவும் பயன் தராவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு ஏறும்; கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த என்ஜின் நல்ல நிலையில் ஓடும்போது அதன் அழுத்தம், வெப்பநிலை, மின்னழுத்தம், சுழல்வேகம் ஆகியவை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டு, இப்போது அளக்கும் மதிப்பை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். காரோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் யாரும் புரட்டாமல் கிடக்கும் தொழில்நுட்ப அட்டவணைக்கு அவ்வளவு பயன் உண்டு.

இங்கே சொல்லப்படுபவை 1.0 முதல் 1.6 லிட்டர் வரை கொள்ளளவு கொண்ட, மூன்று அல்லது நான்கு சிலிண்டர் உள்ள என்ஜின்களுக்குப் பொருந்தும். கீழே வரும் எண்கள் இவ்வகை என்ஜின்களில் வழக்கமாகக் காணப்படும் எல்லைகள். குறிப்பிட்ட ஒரு காருக்கு உரிய எண்ணை அதன் சர்வீஸ் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அட்டவணை என்ன சொல்கிறது

முதல் வரி கொள்ளளவு. சிலிண்டரின் உள்விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவாகிய ஸ்ட்ரோக் 71.5 மி.மீ. என்றால், ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 299 சி.சி.; நான்கு சிலிண்டருக்கு 1197 சி.சி. இதையே 1.2 லிட்டர் என்று விற்கிறார்கள். அதே உள்விட்டத்தை வைத்துக்கொண்டு ஸ்ட்ரோக்கை 79.5 மி.மீ. ஆக்கி, சிலிண்டரை மூன்றாகக் குறைத்தால் 998 சி.சி. வரும். தயாரிப்பாளர்கள் ஒரே உள்விட்டத்தில் இப்படிப் பல என்ஜின்களை உருவாக்குவதால், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் பாகங்கள் உண்மையில் பொருந்தாமல் போவது உண்டு. பாகம் வாங்கும்போது காரின் பெயரைச் சொல்வதைவிட என்ஜினில் பொறித்திருக்கும் குறியீட்டைச் சொல்வது பாதுகாப்பானது.

அடுத்து வருபவை திறனும் முறுக்குவிசையும். இவ்விரண்டும் தனித்தனிச் செய்திகள் அல்ல. முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரிலும் சுழல்வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைக்கும். 6000 சுற்றில் 61 கிலோவாட் என்று எழுதியிருந்தால், அந்த வேகத்தில் முறுக்குவிசை 97 நியூட்டன் மீட்டர் என்று பொருள். அதே என்ஜினின் உச்ச முறுக்குவிசை 4000 சுற்றுக்கு மேல்தான் கிடைக்கும் என்று அட்டவணை சொன்னால், 1500 சுற்றில் மேல் கியரில் மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை என்பது கோளாறு ஆகாது. கியரைக் குறைப்பதே அதற்குத் தீர்வு. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ பொருத்திய 1.0 லிட்டர் என்ஜினில் உச்ச முறுக்குவிசை 2000 சுற்றுக்கு அருகிலேயே தொடங்கிவிடும். அத்தகைய கார் 2500 சுற்றிலும் இழுக்கவில்லை என்றால் அது தேடிப் பார்க்க வேண்டிய கோளாறு. ‘பிக்கப் இல்லை’ என்ற ஒரே புகாருக்கு இரண்டு கார்களில் இரண்டு விடைகள் இருப்பது இதனால்தான்.

அழுத்த விகிதம் 10-க்கு 1 என்றால், சிலிண்டரில் நுழையும் கலவை பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. விகிதம் 10 என்பதால் அழுத்தமும் 10 பார்தான் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நெருக்கப்படும் காற்று சூடாவதால், நல்ல நிலையில் உள்ள என்ஜினை ஸ்டார்ட்டரால் சுழற்றி அளந்தால் வழக்கமாக 12 முதல் 14 பார் வரை காட்டும். ஆனால் எரிபொருள் சிக்கனத்துக்காக காற்று நுழையும் உள்வால்வைத் தாமதமாக மூடும் என்ஜின்களில் விகிதம் 13 என்று அச்சாகியிருந்தாலும், நுழைந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியே தள்ளப்படுவதால், அளக்கும்போது அதற்கேற்ற உயர்ந்த அழுத்தம் தெரியாது. இதை அறியாமல் என்ஜினைப் பிரித்துப் போட்டுவிடக் கூடாது.

சிலிண்டர்கள் எரியும் வரிசையையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜின்களில் அது பெரும்பாலும் 1-3-4-2. முதல் சிலிண்டர் எது என்பதில்தான் குழப்பம் வரும்: பல தயாரிப்பாளர்கள் வால்வுகளின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயின் அல்லது பெல்ட் உள்ள பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள், சிலர் கியர்ப்பெட்டியை ஒட்டிய ஃபிளைவீல் பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள். காரின் கணினியிலுள்ள பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் முதல் சிலிண்டர் என்று சொல்லும்போது நீங்கள் நான்காவதைக் கழற்றிக்கொண்டிருந்தால் முழு நாளும் வீணாகும். மூன்று சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டாகிய கிராங்க்ஷாஃப்ட் 240 பாகை சுழலும்போதுதான் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. நான்கு சிலிண்டரில் 180 பாகைக்கு ஒன்று. எனவே மூன்று சிலிண்டர் என்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, சற்றே அதிர்வது அதன் இயல்பு. புதிதாக வாங்கியபோது இல்லாத அதிர்வு பின்னர் வந்தால், பிளக்கைச் சந்தேகிக்கும் முன் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்கள் கிழிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எதையும் கழற்றும் முன்

பேட்டரியிலிருந்து தொடங்குவது நல்லது. என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட், ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தேவைக்கேற்பச் சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள கார்களில் ஓடும்போதைய மதிப்பு சில வேளைகளில் இதைவிடக் குறைந்து தெரிவது கோளாறு அல்ல. மின்னழுத்தம் சரிந்த காரில் கட்டுப்பாட்டுக் கணினி தொடர்பே இல்லாத பல பிழைக் குறியீடுகளைப் பதிந்து வைக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் துரத்துவது வீண் வேலை.

பின்னர் ஸ்கேனரை இணைத்துக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். படித்தவுடன் அழிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது தடயத்தை அழிப்பதற்குச் சமம். கோளாறு பதிந்த நொடியில் என்ஜின் எந்தச் சுழல்வேகத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு சுமையில் இருந்தது என்பதைக் கணினி ஒரு பதிவாகச் சேமித்து வைத்திருக்கும். குளிர்ந்த என்ஜினில் வந்த மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது) நெடுஞ்சாலை வேகத்தில் வந்த மிஸ்ஃபயரும் ஒரே குறியீட்டைத்தான் காட்டும்; வேறுபாடு அந்தப் பதிவில் மட்டுமே இருக்கிறது. பேட்டரி முனையைக் கழற்றி விளக்கை அணைப்பவர்கள் இந்தப் பதிவோடு சேர்த்து, கணினி கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்தங்களையும் இழக்கிறார்கள்.

ஐடிலிங் நடுக்கமும் மிஸ்ஃபயரும்

சிறு என்ஜின்களில் அடிக்கடி வரும் புகார் இதுதான், காரணங்களும் மிகுதி. சூடான என்ஜினின் ஐடிலிங் வழக்கமாக 650 முதல் 850 சுற்றுக்குள் நிலையாக நிற்க வேண்டும். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் காரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம்; அது விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அடைந்து அங்கே எரிந்து அதை உருக்கும் அளவுக்குச் சூடேற்றுகிறது என்று பொருள். அப்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, கூடிய விரைவில் காரை நிறுத்த வேண்டும்.

பி0301 என்ற குறியீடு முதல் சிலிண்டரையும், பி0302 இரண்டாவதையும் என்று வரிசையாகக் காட்டும். பி0300 என்பது எந்தச் சிலிண்டர் என்று உறுதியாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர். குறிப்பிட்ட ஒரு சிலிண்டரைக் காட்டினால் வேலை எளிது. என்ஜினை நிறுத்தி, அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை வேறொரு சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் பொருத்தி, சிறிது தொலைவு ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்துப் பிளக்கையும், அதன் பிறகு இன்ஜெக்டரையும் அதே முறையில் இடம் மாற்றிப் பார்க்கலாம். காற்று உள்ளே செல்லும் உள்குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் வகை இன்ஜெக்டரின் சுருளில் மின்தடை வழக்கமாக 11 முதல் 16 ஓம் வரை இருக்கும். எல்லா இன்ஜெக்டர்களும் ஏறக்குறைய ஒரே மதிப்பைக் காட்ட வேண்டும். காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றும் நலம் என்று தெரிந்தும் குறியீடு அதே சிலிண்டரில் நின்றால், சிலிண்டரில் உண்டாகும் அழுத்தமாகிய கம்ப்ரெஷனை அளக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

பிளக்கைக் கழற்றும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். சிலிண்டர்களை மேலிருந்து மூடும் அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது திருகினால் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி வைத்துப் பார்க்க வேண்டும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சீராக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில். நான்கும் ஒன்றுபோல் கெட்டிருந்தால் கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான ஓரிடத்தில். முனைகளுக்கு இடையிலான இடைவெளி என்ஜினுக்கு ஏற்ப 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும், தேய்ந்து அகன்ற இடைவெளி காயிலின் மீது சுமையை ஏற்றி அதையும் கெடுத்துவிடும். பிளக் அமர்ந்திருக்கும் குழியில் ஆயில் தேங்கியிருந்தால், வால்வு மூடியின் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றாமல் புதிய காயிலைப் போடுவதில் பயனில்லை.

மிஸ்ஃபயர் ஒரு சிலிண்டரில் நிற்காமல் அலைந்தால், ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் என்னும் மதிப்பைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த விகிதத்தைத் தக்கவைக்க, கணினி தான் கணக்கிட்ட அளவைவிட எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ தெளிக்கிறது என்பதையே இம்மதிப்பு காட்டுகிறது. நல்ல என்ஜினில் அது சுழியத்துக்கு அருகிலேயே இருக்கும். கூட்டலிலோ கழித்தலிலோ 10 விழுக்காட்டைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். நீண்டகாலத் திருத்தம் ஐடிலிங்கில் 20 விழுக்காடு வரை ஏறி, 2500 சுற்றில் இயல்புக்குத் திரும்பினால், காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் பிறகு எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலிங்கில் நுழையும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் சிறு கசிவும் அப்போது பெரிதாகத் தெரிகிறது. இதற்கு மாறாக, ஐடிலிங்கில் இயல்பாக இருந்து சுமை ஏறும்போது மட்டும் திருத்தம் ஏறினால், பெட்ரோல் போதவில்லை: பம்ப்பின் அழுத்தம், அடைபட்ட ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். உள்குழாய்த் தெளிப்பு என்ஜின்களில் பெட்ரோல் அழுத்தம் பொதுவாக 3 முதல் 4 பார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல சிறு கார்களில் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் இருக்காது. உள்குழாயின் அழுத்தத்தை அளந்து அதிலிருந்து காற்றைக் கணக்கிடும் சென்சார்தான் இருக்கும். அத்தகைய என்ஜினில் கசிந்து வரும் காற்றும் அழுத்தத்தைக் கூட்டிக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், திருத்தம் பெரிதாக மாறாமல் ஐடிலிங் வேகம் மட்டும் உயர்ந்து நிற்கும். சூடான ஐடிலிங்கில் இந்த அழுத்தம் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 25 முதல் 40 கிலோபாஸ்கல் வரை இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்திருந்தால் காற்றுக் கசிவு, தவறிய டைமிங், குறைந்த கம்ப்ரெஷன் ஆகிய மூன்றில் ஒன்று. கசிவைத் தேட எளிதில் தீப்பற்றும் கிளீனரைச் சூடான என்ஜின் மீது அடித்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. புகையைச் செலுத்திப் பார்க்கும் கருவியே முறையான வழி. கருவி இல்லாவிட்டால், உள்குழாயின் கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாய், என்ஜினின் உள்வாயுவைத் திருப்பி அனுப்பும் பிசிவி குழாய் ஆகியவற்றில் விரிசல் உள்ளதா என்று வளைத்துப் பார்க்கலாம். பிசிவி குழாய் அடிப்பக்கத்தில் பிளந்து, மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பது வழக்கம்.

த்ராட்டில் தட்டின் விளிம்பில் கரி படிந்தாலும் ஐடிலிங் தள்ளாடும். மின்மோட்டாரால் இயங்கும் த்ராட்டிலில் இக்னிஷன் இயங்கும் நிலையில், துடைப்பதற்காகத் தட்டைக் கையால் தள்ளினால் பல்சக்கரங்கள் உடையக்கூடும். துடைத்த பிறகு, கையேட்டில் சொல்லியபடி ஐடிலிங்கைக் கணினி மீண்டும் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் துடைத்ததற்கு முன்பைவிட மோசமாக ஓடுவதுபோல் தோன்றும்.

வால்வு இடைவெளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானாகவே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லாத என்ஜின்களில், குளிர்ந்த நிலையில் உள்வால்வுக்கு 0.15 முதல் 0.25 மி.மீ., வெளிவால்வுக்கு 0.25 முதல் 0.35 மி.மீ. என்ற அளவில் இடைவெளி இருப்பது வழக்கம். சத்தம் எழுப்பும் வால்வைவிடச் சத்தமே இல்லாத வால்வுதான் அஞ்சத்தக்கது: இடைவெளி முழுதும் அடைபட்டால் வால்வு இருக்கையில் முழுமையாக அமராமல், வெப்பத்தை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல், ஓரம் கருகிவிடும். பெட்ரோல் என்ஜினை எரிவாயுவில் ஓட்டுபவர்கள், வால்வு இருக்கை விரைவில் தேய்ந்து இடைவெளி குறைவதால், இதை மற்றவர்களைவிட அடிக்கடி சோதிக்க வேண்டும்.

வெப்பம்

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமாகிய கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 88 °செ. வரையிலான வெப்பநிலையில் திறக்கத் தொடங்கும். மின்விசிறி ஏறக்குறைய 95 முதல் 100 °செ. அளவில் சுழலத் தொடங்கும். ரேடியேட்டர் மூடி 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைத் தாங்கி வைத்திருப்பதால்தான், சரிபாதி நீர் கலந்த கூலன்ட் 125 °செ.-ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் இந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும். மலிவான அந்த மூடியைச் சோதிக்காமல் ரேடியேட்டரையே மாற்றுவது நடக்கத்தான் செய்கிறது.

வெப்பமானியின் முள்ளை நம்பியிருக்க முடியாது. ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்காக, இயல்பான எல்லைக்குள் வெப்பம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். சில சிறு கார்களில் முள்ளே இல்லை, நீலமும் சிவப்புமாக ஒரு விளக்கு மட்டும் உண்டு. சிவப்பு விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும் என்பதால், சந்தேகம் வந்தால் ஸ்கேனரில் வெப்பநிலையை எண்ணாகவே பார்க்க வேண்டும்.

எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை. நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால் விசிறி, அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நெருக்கடியில் இயல்பாக இருந்து, நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த நீர்ப்பம்ப், முழுதும் திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இதற்கு எதிரான கோளாறும் உண்டு: தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ஜின் உரிய வெப்பத்தை அடையாமல், கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்து மைலேஜ் குறையும், பி0128 என்ற குறியீடு இதையே சொல்கிறது.

ஓட்டத்தின் நடுவே சூடேறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு வெப்பத்திலும் அதன் விசிறியை முழு வேகத்திலும் வைத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். சூடான மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. என்ஜின் கைதொடும் அளவுக்கு ஆறிய பிறகே கூலன்ட் ஊற்ற வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டின் மீது குளிர்ந்த நீர் பட்டால் அது வளையவோ விரிசல் விடவோ செய்யும்.

கசிவே கண்ணுக்குத் தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிய ஐயம் எழுவது இயல்பு. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. குறுகிய தொலைவே ஓடும் கார்களில் ஈரம் தேங்கி அப்படி ஆகும். ஆயிலின் அளவைப் பார்க்கும் கம்பியாகிய டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலும் பால்போல் வெளுத்திருந்தால்தான் அது கெட்ட செய்தி. ரேடியேட்டர் மூடி திறக்கும் அழுத்த அளவுக்குக் கைப்பம்ப்பால் காற்றேற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பதும், கூலன்டுக்கு மேலுள்ள வாயுவை நீல நிறத் திரவத்தின் வழியே இழுத்து அது மஞ்சளாக மாறுகிறதா என்று பார்ப்பதும் ஹெட்டைக் கழற்றாமலே செய்யக்கூடிய உறுதியான சோதனைகள்.

கூலன்டின் நிறம் எந்தப் பொதுத் தரத்துக்கும் கட்டுப்பட்டதன்று. பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு என்று நிறம் பார்த்துக் கலப்பதை விட்டு, கையேட்டில் குறித்த தர எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஆயிலும் அதைச் சார்ந்த கோளாறுகளும்

இந்த என்ஜின்களின் ஆயில் கொள்ளளவு பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டர்தான். ஒரு லிட்டர் குறைந்தாலே மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் போய்விடுகிறது என்பதை நினைத்தால், டிப்ஸ்டிக்கை அடிக்கடி பார்க்க வேண்டியதன் தேவை புரியும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் குறித்திருக்கும் என்ஜினில், பழையது ஆகிவிட்டது என்பதற்காகத் தடித்த ஆயிலை ஊற்றுவது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பைத் தடுமாறச் செய்யும். மேல் குறிக்கு மேலே ஊற்றுவதும் தவறு. கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும்.

ஆயில் குறைவது ஏன் என்பதை நீலப் புகை வரும் நேரம் சொல்லும். இரவு முழுதும் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் வால்வு ஸ்டெம் சீல். சுமையோடு முடுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி மீண்டும் மிதிக்கும்போது வந்தால் பெரும்பாலும் வால்வு சீலும் கைடும். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பிசிவி வால்வைச் சோதிக்க வேண்டும். அது சிக்கிக்கொண்டால் நல்ல என்ஜினும் ஆயில் குடிக்கும்.

கம்ப்ரெஷனை அளக்க, சூடான என்ஜினில் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோல் தெளிப்பையும் காயில்களையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரே எண்ணிக்கையில் சுழற்ற வேண்டும். பிளக்கைச் சூட்டில் கழற்ற வேண்டியிருப்பதால் அவசரப்படாமல், இறுகினால் முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுக்க வேண்டும். 12 பார், 12.3 பார், 12.1 பார், 8.5 பார் என்று வந்தால் நான்காவதில் ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மீண்டும் அளக்க வேண்டும்: அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இன்னும் உறுதி வேண்டுமானால், அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்த வீச்சின் முடிவில் மேலே நிறுத்திக் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். த்ராட்டில் பக்கம் சீறினால் உள்வால்வு, புகைக்குழாயில் சீறினால் வெளிவால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். என்ஜினைப் பிரிப்பதா வேண்டாமா என்ற பெரிய முடிவை எடுக்க இதைவிடத் தெளிவான சோதனையை நான் அறியேன்.

ஆயில் அழுத்த விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் உடனே என்ஜினை அணைக்க வேண்டும். அடுத்த திருப்பம் வரை போகலாம் என்பதற்கு இடமில்லை. ஆயில் அளவு சரியாக இருந்தால், சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி அளந்து பார்த்த பின்பே சுவிட்ச் பழுதா, பம்ப் பழுதா என்று சொல்ல முடியும்.

டைமிங் செயின் என்றென்றைக்கும் உழைக்கும் என்பது விளம்பரப் பேச்சு. அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தால் இயங்குவதால், ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட கார்களில் செயின் நீண்டு, குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கடகடக்கும். கிராங்க்ஷாஃப்டும் கேம்ஷாஃப்டும் பொருந்தவில்லை என்று சொல்லும் பி0016 குறியீடும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. பெல்ட் உள்ள என்ஜின்களில் கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முந்துகிறதோ அதன்படி மாற்ற வேண்டும். இவ்வகை என்ஜின்கள் பெரும்பாலானவற்றில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். ஆயிலில் நனைந்தபடியே ஓடும் பெல்ட் சில மூன்று சிலிண்டர் என்ஜின்களில் உண்டு. அவற்றில் குறித்த தரத்தைச் சேராத ஆயிலை ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்துவிடும்.

நாக்கிங், டர்போ, நேரடித் தெளிப்பு

சுமையில் கிணுகிணுவென்று கேட்கும் நாக்கிங், கலவை தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்னரே ஆங்காங்கே தானாக வெடிப்பதால் எழுகிறது. கையேட்டில் சொன்ன ஆக்டேன் எண்ணுக்குக் குறைந்த பெட்ரோல், அறையில் படிந்த கரி, மிகுந்த வெப்பம் ஆகியவை இதன் காரணங்கள். நாக் சென்சார் தீப்பொறியைத் தாமதப்படுத்தி என்ஜினைக் காப்பாற்றும். அதன் விலையாக இழுவை குறையும்.

டர்போ பொருத்திய, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடித் தெளிப்பு என்ஜின்களில் இன்னொரு வகை உண்டு. குறைந்த சுற்றில் ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தும்போது, தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு, ஓரிரு வெடிப்பிலேயே பிஸ்டனை உடைக்கக்கூடும். இதற்கென வகுக்கப்பட்ட சோதனையை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) தரங்களில் 2018-இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ் தரமும் 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரமும் ஆயிலுக்குக் கட்டாயமாக்கின. எனவே இவ்வகைக் காரில் ஆயில் டப்பாவின் மீதுள்ள அந்த எழுத்துகளைப் பார்த்தே வாங்க வேண்டும். நேரடித் தெளிப்பில் பெட்ரோல் உள்வால்வின் முதுகைக் கழுவாததால் அங்கே கரி தடித்துப் படியும். டாங்கில் ஊற்றும் எந்தச் சேர்க்கையும் அந்த இடத்தைத் தொடாது. உள்குழாயைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

சுழல்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்டார்ட்டர் சுழலும்போது ஸ்கேனரில் சுழல்வேகம் சுழியமாகவே இருந்தால் கிராங்க் சென்சாரைப் பார்க்க வேண்டும். சூடானதும் அணைந்து, ஆறியதும் ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆகும் காரிலும் இதே சென்சார்தான் முதல் சந்தேகம். சுழல்வேகம் தெரிந்தால், உரிய சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு, பெட்ரோல் அழுத்தம், தீப்பொறி என்ற வரிசையில் செல்லலாம்.

பழுது பார்த்த பிறகு

குறியீடுகளை அழித்து, குளிர்ந்த ஸ்டார்ட், நெரிசல், நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் அமையும்படி ஓட்டி, கணினியின் சுயசோதனைகள் முடிந்ததாகக் காட்டுகின்றனவா என்றும், திருத்தங்கள் 5 விழுக்காட்டுக்குள் அமைந்தனவா என்றும் பார்க்க வேண்டும். பி0420 குறியீடு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லும்போது அதை உடனே மாற்றிவிடக் கூடாது. சாதாரண வகை ஆக்சிஜன் சென்சார் உள்ள கார்களில் முன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மாறி மாறி ஆடும்; பின் சென்சார் ஏறக்குறைய 0.6 அல்லது 0.7 வோல்ட்டில் அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் நலமாக உள்ளது. பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே ஆடினால், புகைக்குழாயில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும். அதைக் கெடுத்த மிஸ்ஃபயரோ, ஆயில் எரிவதோ, பெட்ரோல் மிகுதியோ சரிசெய்யப்படாத வரை, புதிதாகப் பொருத்துவதும் அதே வழியில் கெட்டுப்போகும்.